நல்ல கப்பல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முழங்காலில் தொடங்கிக் காதில் வந்து முடிகிறது. போன மாதம் எனக்கும் காதுக்கு மெஷின் மாட்டிவிட்டார்கள். மாட்டிய பெண் அதை ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்து, திரையில் கோடுகளை ஏற்றி இறக்கியபடி, "இப்ப கேக்குதா ஆன்ட்டி? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டது. கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் அதிகமாகிவிட்டதோ என்று அவள் பயந்துபோய்க் குறைத்தாள். சத்தத்துக்கு அழவில்லை அம்மா என்று சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை. காதையும் கம்ப்யூட்டரையும் ஒரே மேசையில் நான் பார்த்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை தூத்துக்குடியில், எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது.

அப்பா சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர். விட்டு விட்டுக் காதில் விழும் மோர்ஸ் சத்தத்தை எழுத்தாக எழுதுகிற வேலை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வந்தவர், இந்தத் தடவை நீண்ட லீவு என்றார். கூடவே ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் ஒரு கம்ப்யூட்டர். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கியது. உள்ளே டைப்ரைட்டர் மாதிரி ஒரு பலகை, ஒரு கறுப்பு வெள்ளைத் திரை, ஒரு டேப் ரெக்கார்டர், நம்ம ஊர்க் கரண்டைப் பாதியாகக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. அந்த டிரான்ஸ்ஃபார்மரை இரண்டு பேர் சேர்ந்துதான் மேசைமேல் ஏற்றினார்கள்.

டிவி வந்திருக்கிறது என்று தெருவே திரண்டு வந்தது. எங்கள் ஊரில் அப்போது டிவி ஏது? செருப்பை வாசலில் விட்டுப் பயபக்தியோடு உட்கார்ந்தார்கள். திரையில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லும், பக்கத்தில் ஒரு கோடும் தெரிந்தன. கால்மணி நேரம் பார்த்தார்கள்.

"படம் எப்பம் வரும்?" என்று ஒரு பாட்டா கேட்டார்.

"படம் தானா வராது பாட்டா. நாமதான் போடணும்" என்றார் அப்பா.

"அதுக்கு ஒரு சிலேட்டு வாங்கியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் பாட்டா எழுந்தார். தெருவும் அவரோடு எழுந்து போனது. அன்றைக்கே அப்பாவுக்குப் பாதிப் பைத்தியம் என்று முடிவாகிவிட்டது.

மீதிப் பாதியை அத்தை முடிவு செய்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. பெற்றவர்கள் போன பிறகு அப்பாவை எடுத்து வளர்த்தவள். அந்தப் பொறுப்பிலேயே கல்யாணம் கட்டாமல் நின்றுவிட்டவள். கோவிலில் பாட்டுக்கு முதல் குரல் அவளுடையது. யாராவது அரைச் சுருதி இறங்கினால் பூசை நடுவிலேயே திரும்பிப் பார்த்து முறைப்பாள்.

சாம்பல் புதன் அன்று, தவசுக் காலம் தொடங்குகிற நாளில், கோவில் வாசலில் அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். "ஏலே தம்பி!" என்றாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை அவள் பாட்டுக் குரலிலேயே கூப்பிட்டாள், புறாக்கள் எழும்பின. அப்பா திரும்பவே இல்லை. நெற்றிச் சாம்பலோடு நின்ற கூட்டம் மொத்தமும் அத்தையைத் திரும்பிப் பார்த்தது.

"நான் சோறூட்டி வளத்த பய, என்னைத் தெரியாதவ மாதிரி போறான். கப்பல்ல நாலு வெள்ளக்காரனப் பாத்துட்டான்லா" என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். தெருவிலும் சொன்னாள். ஈஸ்டருக்கு முந்திய அந்த நாற்பது நாளுக்கு எங்கள் வீடுகளில் இறைச்சியை விடுவோம். அத்தை எப்போதும் மீனையும் சேர்த்து விடுவாள். கடற்கரையில் பிறந்து மீனை விடுகிறவளின் பிடிவாதத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அந்த வருஷம் மீனோடு சேர்த்து அப்பாவிடம் பேச்சையும் விட்டாள். இதில் அவளுக்குப் பெரிய எரிச்சல், அவள் பேசாததை அப்பா கண்டுகொள்ளவே இல்லை என்பதுதான். பேசாமல் இருப்பதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

அப்பா மேசையைவிட்டு நகரவில்லை. ஒரு கப்பலின் பக்கவாட்டுப் படத்தைத் திரையில் வரைய வேண்டும், அதன் நாலு கிடங்குகளிலும் எவ்வளவு சரக்கு என்று எண்ணைக் கொடுத்தால் அந்தந்தக் கிடங்கு நிரம்பித் தெரிய வேண்டும், இதுதான் அவர் திட்டம். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரின் ஆபீசில் சரக்கு அடுக்கும் படம் போடுகிறவர் வேலையைவிட்டுப் போயிருந்தார். அந்த இடத்துக்கு அப்பா ஆசைப்பட்டார். கப்பலில் போகிற மனிதர் கரையில் உட்கார ஏன் ஆசைப்படுகிறார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

முதல் கப்பல் புள்ளி புள்ளியாக வந்தது. எறும்பு ஊர்கிற வேகம். நான் பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டு, முகம் கழுவி, காப்பி குடித்துவிட்டு வரும்போதும் பின்பக்கம் வரைந்து முடிந்திருக்காது. முடிந்தபோது அது கப்பலாகவும் இல்லை. கட்டம் போட்ட நோட்டில் அப்பா அளவாக வரைந்தது, திரையில் கலங்கரை விளக்கமாக நெட்டுக்குத்தலாக நின்றது.

குசினியில் உலையை வைத்துவிட்டு வந்த அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் கையில் கன்னியர் மடத்துக்காக ஈஸ்டருக்குத் தைத்துக்கொண்டிருந்த பீடத் துணி, நடுவில் ஒரு புறா. அப்பா அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"கப்பலுக்கு என்ன, பட்டினியா?" என்றாள் அம்மா. பிறகு கிட்டே வந்து திரையில் விரலை வைத்துப் பார்த்தாள். "இங்க பாருங்க, உங்க கட்டம் சதுரமில்ல. அகலத்தவிட உயரம் ரெண்டு பங்கு. இந்தத் துணியிலயும் அதே கததான். இழை ஒருபக்கம் நெருக்கம், ஒருபக்கம் இளக்கம். அப்படியே எண்ணித் தச்சா புறா கொக்காயிரும். இளக்கமான பக்கம் ஒரு இழைன்னா, நெருக்கமான பக்கம் ரெண்டு எடுக்கணும்."

 அப்பா குறுக்கே ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு புள்ளி போட்டார். கப்பல் படுத்தது. அம்மா சோறு வடிக்கப் போய்விட்டாள்.

வேகத்துக்கு வழியை அப்பாவே கண்டுபிடித்தார். புள்ளி வைக்கும் கட்டளையை விட்டுவிட்டு, திரைக்கென்று மெஷினின் நினைவில் இருக்கும் இடத்திலேயே எண்களை நேராகக் கொண்டுபோய்ப் போடுவது. ஓர் எழுத்து நிற்கும் இடத்தில் ஆறு சின்ன அறைகள், குறுக்கே இரண்டு, கீழ்நோக்கி மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை: 1, 2, 4, 8, 16, 32. எரிய வேண்டிய அறைகளைக் கூட்டி அதோடு 128 சேர்த்துப் போட்டால் ஆறும் ஒரே நேரத்தில் எரியும். எல்லாம் எரிந்தால் 191. கப்பலின் வயிறு முழுக்க 191தான். இன்றைக்கும் பஸ்ஸிலோ வீட்டுக் கதவிலோ அந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு வெள்ளையாக ஒரு கட்டி தெரிகிறது. வரிக்கு அறுபத்துநாலு இடம் என்பதால், போடும் இடத்தோடு 64 கூட்டினால் படம் ஒரு வரி கீழே இறங்கும். முன்கிடங்கில் பாரம் அதிகமானால் கப்பலின் மூக்குக்கு மட்டும் 64 கூட்டி அதைத் தண்ணீரில் குத்தவைத்தார் அப்பா. அதைப் பார்த்த அன்று நான் கைதட்டினேன். மெஷின் வேறு தேசத்துக் கரண்டுக்குச் செய்தது என்பதால் அந்தத் திரையில் படம் எப்போதும் லேசாக ஆடும். கப்பலுக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

மெஷினுக்கு ஞாபகசக்தி கிடையாது. அணைத்தால் எல்லாம் போச்சு. எழுதியதை டேப்பில் பதிந்துவைத்து, மறுநாள் டேப்பை ஓடவிட்டு ஏற்ற வேண்டும். ஏறும்போது திரையின் வலது மூலையில் இரண்டு நட்சத்திரக் குறிகள் வரும். வலது நட்சத்திரம் கண் சிமிட்டினால் சரியாக ஏறுகிறது. சிமிட்டாமல் நின்றால் போச்சு. அந்த டேப்பில் உருப்படாத பதிவுகள் நாலைந்து இருந்தன. தவறி அதில் இறங்கினால் மெஷின் மலைத்து நின்றுவிடும். எது எங்கே இருக்கிறது என்று ரெக்கார்டரில் எண் காட்டும் சின்னச் சக்கரத்தை வைத்து அப்பா நோட்டில் குறித்துவைத்திருந்தார். எங்கள் ஊர் உப்புக்காற்று ரெண்டே மாசத்தில் அந்தச் சக்கரத்தைத் துருப்பிடிக்க வைத்துவிட்டது. இனி மெஷினுக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, டேப்பின் கீச்சுச் சத்தம் எங்கே நிற்கிறது, எங்கே தொடங்குகிறது என்று காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு நாள் பள்ளிவிட்டு வரும்போதே தெருமுனைக்கு அந்தச் சத்தம் கேட்டது. "ஏளா, அது என்னன்னு போய்ப் பாரு! பூனைக் கழுத்த நெரிக்கிய மாதிரி இருக்கு" என்று குசினியிலிருந்து அத்தை கத்தினாள். போய்ப் பார்த்தேன். சத்தம் முழுசாகத் திருப்பியிருந்தது. அப்பா ரெக்கார்டரின் ஸ்பீக்கர் சல்லடைமேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, நாடி பார்க்கிற டாக்டரைப்போல உட்கார்ந்திருந்தார்.

"அப்பா" என்றேன். திரும்பவில்லை. "அப்பா!" என்று முதுகுக்குப் பின்னால் நின்று கத்தினேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மெல்ல மெல்லப் போச்சு மக்கா" என்றார். "கடைசிக் கப்பல்ல பக்கத்துக் கப்பல் கூப்பிட்டத விட்டுட்டேன். நல்லவேள, யாருக்கும் ஒண்ணும் ஆகல. கேப்டன் நல்ல மனுசன், வெளிய சொல்லாம அனுப்பிட்டாரு. இனிமே ரேடியோ ரூமுக்குள்ள நான் போக முடியாது. அண்ணாச்சி ஆபீசு வேலை கண்ணால பாக்குற வேலை. அது கெடச்சாப் போதும். அவரு காதுக்கு இது போச்சுன்னா அதுவும் போச்சு."

"அத்தைட்ட?"

"அவட்ட சொல்லிராத. அவ இத மட்டும் தாங்கமாட்டா." அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அன்றையிலிருந்து நான் அவருக்குக் காது. நான் ரெக்கார்டர் பக்கத்தில் குனிந்து கேட்பேன், சரியான இடம் வந்ததும் கையைத் தூக்குவேன். அவர் ஒயரைச் செருகுவார். வேலை சுலபமாகட்டும் என்று, கடைசியில் எல்லாம் சரியாக அமைந்த பதிவுக்கு முன்னால் என் குரலையே பதிந்துவைத்தேன். "அப்பா, இதுதான் நல்ல கப்பல்." அப்பாவிடம் உதட்டை அசைத்துச் சொல்லிக் காட்டினேன். "நல்ல ஏற்பாடு" என்று தலையைத் தடவினார். அந்தக் குரலை அவர் ஒருபோதும் கேட்கப்போவதில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அண்ணாச்சி வருவதாகச் சொன்னது குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை. வியாழக்கிழமை எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் இரண்டும் உப்பி, காது இரண்டும் அடைத்துவிட்டன. அத்தை தன் தங்கச் சங்கிலியை என் கழுத்தில் போட்டு, வேப்பிலையை அரைத்துப் பூசி, உள்ளறையில் படுக்கவைத்தாள். "விருந்தாளிக்கு ஒட்டிரும், வெளிய தலை காட்டாத" என்று சொல்லி, சனிக்கிழமை அறை வாசலிலேயே உட்கார்ந்து மறுநாளுக்குக் குருத்தோலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்தாள். அம்மா பீடத் துணியைக் கொடுக்க மடத்துக்குப் போயிருந்தாள்.

அப்பா பயப்படவில்லை. காலையிலேயே நிதானமாக நாலைந்து முறை முயன்று நல்ல கப்பலை ஏற்றி வைத்துவிட்டார். இனி அண்ணாச்சி வந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அண்ணாச்சி வந்தார், உட்கார்ந்தார், கருப்பட்டிக் காப்பியை வாயில் வைத்தார். கரண்ட் போனது. விருந்தாளி வருகிற நேரம் எங்கள் ஊர் கரண்டுக்கு நன்றாகத் தெரியும்.

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. ஆனால் மெஷினுக்குள் கப்பல் இல்லை. முன்னறையில் டேப் கீச்சிட்டது. நின்றது. பின்னால் சுற்றுகிற சத்தம். மறுபடி கீச்சு. அடைத்த காதோடும் எனக்கு அது கேட்டது, அவ்வளவு சத்தமாக வைத்திருந்தார். என் குரல் ஓடிப் போய்க்கொண்டே இருந்தது, அவர் ஒவ்வொரு தடவையும் அதைத் தாண்டிப் போனார். அண்ணாச்சி இருமினார். "இன்னொரு நாள் பாப்பமாவே?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. அவருக்கு எப்படிக் கேட்கும்? அவர் குனிந்திருந்தார்.

"பாத்தியா, பெரிய மனுசன் பேசுதாரு, இவன் வாயத் தொறக்கானா பாரு" என்றாள் அத்தை, ஓலையைக் கிழித்தபடி.

எனக்கு வாய் திறக்க வலித்தது. சத்தியம் வேறு செய்திருந்தேன். ஆனாலும் சொன்னேன். "அத்தே, அப்பாவுக்குக் காது கேக்காது."

அத்தையின் கை நின்றது.

"ரொம்ப நாளாக் கேக்காது. நீ கோவில்ல கூப்பிட்டதும் கேக்கல. அந்த டேப்புல என் குரல் வரும் அத்தே. 'நல்ல கப்பல்'னு சொல்லும். அப்பம் கையத் தூக்கணும். எனக்குப் பதிலா நீ போ."

 மடியிலிருந்த ஓலையைக் கீழே போட்டாள், இடுப்பில் செருகியிருந்த லேஞ்சித் துண்டால் முகத்தைத் துடைத்தாள், போனாள். வாசலில் காவலிருந்தவள் போய்விட்டதால் நான் எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன். அத்தை நேரே மேசைக்குப் போய் ரெக்கார்டர் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"அண்ணாச்சி, இது சுருதி சேக்குற மாதிரி" என்றாள் நிமிர்ந்து. "தம்பிக்குக் கையில வேலை, கேக்குற வேலை என்னுது. பிள்ளைக்குப் பொன்னுக்கு வீங்கி, பாத்துக்கிட்டிருந்தேன். அதான் பிந்திப் போச்சு." சிறு வயதிலிருந்து பொய்யே சொல்லாதவள் எவ்வளவு சரளமாகச் சொன்னாள்!

டேப் ஓடியது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். கீச்சு, அமைதி, கீச்சு, அமைதி. பிறகு என் குரல் வந்தது. அத்தையின் கை மேலே போனது. அப்பா ஒயரைச் செருகினார். திரையின் மூலையில் இரண்டு நட்சத்திரங்கள்.  வலது நட்சத்திரம் கண் சிமிட்டியது.

கப்பல் ஒரே வீச்சில் வந்து நின்றது. அண்ணாச்சி ஒவ்வொரு கிடங்குக்கும் எண் சொன்னார். உப்பு இவ்வளவு, மூட்டை இவ்வளவு. அப்பா அவர் உதட்டைப் பார்த்துத் தட்டினார். கிடங்குகள் நிரம்பின. அண்ணாச்சிக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. "எல்லாத்தையும் முன்னால போடும்வே" என்றார். கப்பலின் மூக்கு ஒரு வரி இறங்கியது. "அட, குத்துதே!" என்று தொடையில் தட்டினார்.

ஆனால் கடைசியில் அவர் சொன்னது வேறு. "இந்தப் பெட்டி நம்ம ஆபீசுக்குச் சரிப்படாது. கரண்ட் போனாக் கப்பலே போயிருது. ஆனா பாரத்த இவ்வளவு நுணுக்கமாப் பாக்கீரே, நீரு வாரும். பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் போதும். திங்கக்கிழம வாரும்." நாலு மாசம் உழைத்த மெஷினை ஒரு நொடியில் தள்ளிவிட்டு அப்பாவை எடுத்துக்கொண்டார். அந்த அண்ணாச்சி நன்றாக இருக்கட்டும். அந்த மேசையில் அப்பா இருபது வருஷம் இருந்தார். எங்கள் வீட்டுச் சோறும் என் படிப்பும் அந்த மேசை தந்தவை.

அண்ணாச்சி போனதும் அத்தை அப்பாவுக்கு நேரே வந்து நின்று, அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"ஏலே, இந்த நாப்பது நாளா நான் உங்கிட்டப் பேசலலே."

அப்பா அவள் உதட்டையே பார்த்தார். "நீ பேசுத, எனக்குத்தான் கேக்கலன்னு நெனச்சேன்க்கா" என்றார். "உன் குரலும் போயிருச்சேன்னுதான் உன் முகத்த நிமிந்து பாக்காம இருந்தேன்."

அத்தை அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னால் அன்று வாயைத் திறந்து அழவும் முடியவில்லை, கன்னம் அப்படி வலித்தது. சாயங்காலம் வந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பன்னெண்டு வருசம் கூட இருக்கவளுக்குத் தெரியாதா மதினி? அவங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது, அம்மா அந்தக் கொஞ்ச நாளாக அப்பா முன்னால் வந்து நிற்காமல் ஒரு சொல்லும் பேசியதில்லை.

இனி ஒரு வேலை பாக்கி இருந்தது. தம்பிக்குத் திமிர் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தவள் அத்தை. காது கேட்காது என்று சொன்னால் திங்கட்கிழமை வேலைக்கு ஆபத்து. மறுநாள் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு கோவில் வாசலிலேயே நின்று, பாட்டுக் குரலில் அறிவித்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. கடலுக்குப் போற மனுசனப் பின்னால நின்னு கூப்பிட்டா ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? என் தம்பிக்கு அது ரொம்பவே ஆகாது. அன்னைக்கு நாந்தான் புத்தியில்லாமக் கூப்பிட்டேன். அவன் திரும்பாம போனதுதான் சரி. அவங்கிட்டப் பேசணும்னா முன்னால வந்து பேசுங்க."

கப்பலும் தோணியுமாக வாழ்கிற தெருவில் இதை மறுத்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? அன்றையிலிருந்து மீன்காரியும், தபால்காரரும், சிலேட்டு வாங்கச் சொன்ன பாட்டாவும்கூட, அப்பாவைத் தாண்டி முன்னால் ஓடிவந்து, முகத்துக்கு நேரே நின்றுதான் பேசினார்கள். சகுனம் பார்ப்பது பாவம் என்று தெரிந்தே சொன்னதை அத்தை பெரிய வெள்ளிக்கு முன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சாமியார் என்ன அபராதம் கொடுத்தாரோ, பொய்யைத் திருத்தச் சொல்லவில்லை போலிருக்கிறது. அவள் திருத்தவே இல்லை.

மெஷின் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. உள்ளே பச்சை பூத்து ஓய்ந்துபோனது. டேப்பை அப்பா அலமாரியில் வெகுகாலம் வைத்திருந்தார். வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. இப்போது காதில் மெஷின் இருக்கிறது, கேட்க அது இல்லை.

அப்பா போனபோது அத்தைக்கு எண்பது. பெட்டியைத் தூக்கியதும் நாங்கள் எல்லோரும் பின்னால் நின்று அவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதோம். அத்தை மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு கூட்டத்தைச் சுற்றி முன்னால் போனாள். தூக்கியவர்களை நிற்கச் சொன்னாள். திறந்திருந்த பெட்டிக்கு எதிரே, அவர் முகத்துக்கு நேராக நின்று, "போயிட்டு வாலே" என்றாள்.